பழுது பார்த்தவர் கைகள்

மாகடிக்குப் பக்கத்தில் கல்யா என்றொரு சிற்றூர் உண்டு. பெங்களூரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 50 கி.மீ. போனால் மாகடி, கெம்பேகவுடரின் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாவைத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே ஒரு கல் நிற்கிறது. விஜயநகரத்து முதலாம் புக்கராயர் காலத்தில், கி.பி. 1368இல் வெட்டப்பட்டது. அதே சாசனத்தின் இன்னொரு படி சிரவணபெளகொளாவில் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகங்களில் "சமய ஒற்றுமைக்குச் சான்று" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவார்கள். முழுவதையும் வாசித்துப் பார்த்தால் அதில் வீடு, சுண்ணாம்பு, கூலி எல்லாம் இருக்கிறது. அல்சூரில் முப்பத்தைந்து வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன் நான். சுண்ணாம்பு என்ற சொல்லைக் கண்டால் அந்த இடத்தில் கண் நிற்காமல் போகாது.

விஷயம் இதுதான். சமணருக்கும் ஸ்ரீவைஷ்ணவருக்கும் தகராறு. ஆனெகொந்தி, பெனுகொண்டா, கல்லேஹம் (இன்றைய கல்யா) முதலிய ஊர்ச் சமணர்கள் அரசரிடம் முறையிட்டனர். புக்கராயர் இருதரப்பையும் அழைத்து, சமணர் கையைப் பிடித்து வைஷ்ணவர் கையில் வைத்து, இரண்டு தரிசனங்களுக்கும் பேதம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். வைஷ்ணவத் தலங்களை அந்தக் கன்னடக் கல் குறிப்பிடும் முறையைப் பாருங்கள்: கோவில், திருமலை, பெருமாள்கோவில், திருநாராயணபுரம். ஸ்ரீரங்கத்தை வெறும் "கோவில்" என்றும் காஞ்சியைப் "பெருமாள்கோவில்" என்றும் சொல்வது தமிழ் வைஷ்ணவர் வழக்கு. கன்னடக் கல்லில் அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பிறகு வருகிறது நமக்கு வேண்டிய பகுதி. ராஜ்ஜியம் முழுவதும் உள்ள சமணர் வீடுகளில் வீட்டுக்கு ஒரு ஹணம் வருஷா வருஷம் தண்ட வேண்டும். தண்டுகிறவர் யார்? திருமலைத் தாதய்யர், ஒரு வைஷ்ணவர். அந்தப் பணத்தில் பெளகொளத்துக் கடவுளுக்கு இருபது மெய்காவலர் வைக்க வேண்டும். மிச்சப் பணத்தில் பாழடைந்த ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழுது பார்க்க வேண்டும். பணக்காரனுக்கு இத்தனை, ஏழைக்கு இத்தனை என்ற கணக்கே இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே ஹணம். இந்த ஏற்பாட்டுக்காக அரசரிடம் விண்ணப்பம் செய்து, தாதய்யரை அழைத்து வந்து, ஜீர்ணோத்தாரம் செய்வித்தவர் கல்லேஹத்து ஹர்வி செட்டியின் மகன் புசுவி செட்டி. இரு சமயத்தாரும் கூடி அவருக்குச் "சங்கநாயகர்" என்று பட்டம் கட்டினார்கள். போரில் வென்றதற்காகவோ கோயில் கட்டியதற்காகவோ கொடுத்த பட்டம் அல்ல இது. பழுது பார்க்க வழி செய்த ஒரு செட்டிக்குக் கொடுத்த பட்டம். வியாபாரிகள் இதைக் கொஞ்சம் பெருமையோடு வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

கர்நாடகத்துச் சமணக் கொடைக் கல்வெட்டுகளில் "கண்ட ஸ்புடித ஜீர்ணோத்தாரம்" என்ற தொடர் அடிக்கடி வரும். கண்டம் என்றால் உடைந்தது, ஸ்புடிதம் என்றால் வெடித்தது. உடைந்ததும் வெடித்ததும் சரி செய்வதற்கு என்று நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் தமிழ்க் கல்வெட்டுகளில் இதற்கு அழகான சொல் "புதுக்குப்புறம்". புதுக்குவதற்காக விட்ட நிலம் என்று பொருள். கட்டும்போதே, இது ஒருநாள் பழுதாகும் என்று ஒப்புக்கொண்ட மனசு அது. இன்றைக்கு அபார்ட்மெண்ட் வாங்குகிறவர்களிடம் பராமரிப்பு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்!

சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். அங்கே ஒரு கல்வெட்டும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் எனப்பட்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்த அறிவர் கோயிலின் மண்டபத்தைப் புதுக்கி, முன்னே ஒரு முகமண்டபமும் எடுப்பித்ததை அது சொல்கிறது. குடைவரையை முதலில் குடைந்தவன் பெயர் அங்கே எழுதப்படவில்லை. புதுக்கியவன் பெயர் நிற்கிறது. போளூரை அடுத்த திருமலையில் இன்னும் ஒரு படி மேலே. சேர மரபைச் சேர்ந்த எழினி செய்வித்த இயக்கன், இயக்கி திருமேனிகள் பழுதுபட்டிருக்க, அவன் வழியில் பின்னால் வந்த தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சரிசெய்து வைத்தான் என்கிறது சாசனம். முதலில் செய்வித்தவன் பெயரை விடாமல் சொல்லி, அதன் பிறகே தன் பெயரைச் சொல்கிறான். பழுது பார்ப்பவனின் மரியாதை அது.

ஆனால் ஒரு கேள்வி. ஹணம் கொடுத்தவர் பெயர் தெரிகிறது, நிலம் விட்டவர் பெயர் தெரிகிறது. மண்வெட்டி பிடித்த கை யாருடையது? சமயத்தின் பெயரால் தன் கையாலேயே வேலை செய்வது என்பதற்குத் தமிழில் ஒரு பெரிய உருவம் உண்டென்றால் அது உழவாரப் படை ஏந்திய திருநாவுக்கரசர்தான். ஒரு சமணன் இதை எழுதுகிறானே என்று சிலர் புருவம் உயர்த்தலாம். பெரிய புராணம் சொல்லும் கதைப்படி அவர் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவர். பிறகு சைவத்துக்குத் திரும்பியவர். பின்னால் பல்லவ மன்னன் அந்தப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரஈச்சரம் எடுத்தான் என்பதையும் சேக்கிழாரே சொல்கிறார். எங்கள் வீடுகளில் இந்தப் பக்கத்தை வாசித்தால் ஒரு வலி வரும். மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல்லவனின் கடப்பாரை வேறு, நாவுக்கரசரின் உழவாரம் வேறு. ஒன்று இடித்தது, மற்றொன்று கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியது. அவருக்கும் முன்னால் இந்தப் பணியைத் தொடங்கியவர் அவருடைய தமக்கை திலகவதியார். விடியுமுன் எழுந்து அலகிட்டு, சாணமிட்டு மெழுகியவர். தம்பிக்குச் சிலை வைத்தோம், அக்காளின் துடைப்பத்தை மறந்தோம். பெங்களூரில் இருக்கும் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துத் தமிழ்நாட்டுப் பழங்கோயில்களுக்கு உழவாரப் பணிக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். என் கடையில்தான் சாந்துக் கரண்டியும் கம்பித் தூரிகையும் வாங்குவார்கள். அந்தப் பிள்ளைகளிடம் நான் லாபம் வைப்பதில்லை.

இப்போது எங்கள் நூலுக்கு வருகிறேன். சமணத்தில் தானம் நான்கு என்று குழந்தைக்கும் தெரியும்: ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம். ஆனால் சமந்தபத்திரர், காஞ்சியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பேராசிரியர், தமது ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் வேறுவிதமாக வரிசைப்படுத்துகிறார். நம் அருங்கலச்செப்பு இந்த நூலைத் தழுவி எழுந்ததுதான். அவர் சொல்லும் நான்கு: உணவு, மருந்து, உபகரணம், ஆவாசம். ஆவாசம் என்றால் குடியிருக்கும் இடம். இந்த நான்கையும் சேர்த்து அவர் "வையாவிருத்தியம்" என்கிறார், அதாவது தொண்டு. தத்துவ நூல்களில் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறில் ஒன்று. பட்டினி கிடப்பதும் வெயிலில் நிற்பதும் புறத்தவம். பிறருக்குத் தொண்டு செய்வது தியானத்தோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட அகத்தவம். இது எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது.

கறாரான பண்டிதர் ஒருவர் உடனே மறுப்பார்: "ஐயா, அது முனிவருக்குக் கொடுக்கும் இருப்பிடம். கண்டவன் வீட்டுக் கூரையை மாற்றுவது அதில் வராது." நூலின்படி பார்த்தால் அவர் சொல்வது சரிதான், சமந்தபத்திரர் பேசுவது துறவியரைப் பற்றியே. ஆனால் துன்பப்படுகிறவனுக்கு இரக்கத்தால் கொடுக்கும் கருணை தானமும் சமணத்தில் உண்டு. ஜம்பை அருகே பள்ளிச்சந்தலில் இருந்த கண்டராதித்தப் பெரும்பள்ளியைக் கல்வெட்டு "அஞ்சினான் புகலிடம்" என்கிறது. அஞ்சி ஓடி வந்தவன் சிராவகனா இல்லையா என்று வாசலில் கேட்டிருப்பார்களா? ஆவாசத்தையும் அபயத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில் குற்றம் இல்லை என்பதே என் துணிபு.

சமயத்தின் பெயரால் இளம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பிறர் குடியிருப்பைச் சரிசெய்வது என்பது இருபதாம் நூற்றாண்டில் பல இடங்களில் தனித்தனியாக முளைத்த காரியம். முதல் உலகப் போர் முடிந்து, 1920இல் பியேர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர் வெர்தன் போர்க்களத்துக்கு அருகே இடிந்துபோன ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில், பல தேசத்தவரைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். கிறிஸ்தவ அகிம்சைவாதி. 1934இல் பீகார் பூகம்பம் வந்தபோது அவரே இங்கு வந்து, முசாபர்பூர்ப் பக்கம் கிராமங்களை மீண்டும் அமைக்க உழைத்தார். 1969இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் இளைஞர்களும் பெரியவர்களுமாக ஐம்பது பேரைத் திரட்டி, பார்பர்வில் என்ற மலை ஊரில் நான்கு ஏழை வீடுகளைப் பழுது பார்த்தார். அப்பலேசியா மலைப் பகுதியில் கோடை விடுமுறைதோறும் பள்ளிப் பிள்ளைகள் அந்த வேலைக்கு இன்றும் போகிறார்கள். நம் தேசத்தில் என்.எஸ்.எஸ். தொடங்கியதும் அதே 1969தான், காந்தி நூற்றாண்டு. அது சமயம் சார்ந்தது அல்ல.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் இலங்கையில் இருக்கிறது. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி என்ற பௌத்தப் பள்ளியின் இளம் ஆசிரியர் ஏ.டி. அரியரத்ன, மேல்வகுப்பு மாணவர் நாற்பது பேரையும் ஆசிரியர் பன்னிரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு கனத்தோலுவ என்ற கிராமத்துக்குப் போனார். ரொடியா எனப்பட்ட, மற்றவர்கள் தொடாமல் ஒதுக்கி வைத்த மக்களின் ஊர் அது. பட்டணத்துப் பிள்ளைகள் பதினோரு நாள் அந்த மக்களோடு தங்கி, உண்டு, உழைத்தார்கள். அதற்குப் பெயர் சிரமதானம். பௌத்தத்தின் தானத்தை உழைப்போடு சேர்த்த சொல். சர்வோதய இயக்கமாக அது ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. அரியரத்ன 2024 ஏப்ரலில் காலமானார். வேலைக்கு ஈடாக அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? தீண்டக்கூடாது என்று வீட்டில் சொல்லிக் கொடுத்த ஒரு மனிதர் வீட்டுத் திண்ணையில் படுத்து உறங்கினார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் கொடுத்திருக்காது.

எங்கள் பெங்களூர்த் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவை. ஊரில் ஜினாலயம் நன்றாக இருக்கிறது. அதற்குப் பணம் கேட்டால் தாராளமாக வரும். கும்பாபிஷேகப் பத்திரிகையில் பெயர் வரும் அல்லவா! ஆலயத்துக்கு நாலாவது வீட்டில், பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட பாட்டி ஒருத்தி ஒழுகும் ஓட்டுக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கு ரசீது புத்தகம் கிடையாது.

சில வருஷமாக எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், பதினாலு வயசிலிருந்து பத்தொன்பது வரை, மே விடுமுறையிலும் தசரா விடுமுறையிலும் ஒரு வாரம் ஊருக்குப் போய் இப்படிப்பட்ட வீடுகளைச் சரிசெய்கிறார்கள். ஒரு கொத்தனாரும் ஒரு ஆசாரியும் கூலிக்கு உடன் இருப்பார்கள். பிள்ளைகள் சித்தாள் வேலை. உடைந்த சீமை ஓட்டை மாற்றுவது, சாரத்தில் கரையான் அரித்த இடத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்வது, கக்கூஸ் பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு குழாய்க் கம்பி பதிப்பது, சுண்ணாம்பு அடிப்பது. நான் சாமான் ஏற்பாடு செய்கிறவன். இரண்டு மூன்று முறை கூடவே போய் இருந்தேன். சமண வீடு என்று மட்டும் பார்ப்பதில்லை. அதே தெருவில் இருக்கும் மற்ற சாதி முதியோர் வீடுகளும் உண்டு.

எங்கள் விரதங்கள் இந்த வேலையில் நுழைந்து செய்யும் வேடிக்கை தனி. பழைய நாளில் சுண்ணாம்பில் ஒட்டுக்கு வச்சிரம் காய்ச்சி ஊற்றுவார்கள். வச்சிரம் என்பது தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது, ஆகாது. கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறோம், நன்றாகவே பிடிக்கிறது. ஒரு வீட்டில் ஓட்டைப் பிரித்தபோது அணில் கூடு, உள்ளே கண் திறக்காத குஞ்சுகள். கொத்தனார் "தள்ளிப் போட்டுட்டு வேலையப் பாருங்க" என்றார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற பக்கத்தை முடித்து, மூலைக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு வந்தார்கள். தசராவுக்குப் போனபோதுதான் அதை மூடினார்கள். பொழுது சாய்ந்தால் உண்பதில்லை என்பதால் ஐந்து மணிக்கு வேலை நின்றுவிடும். கொத்தனாருக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஓர் ஊரில் வேறு ஒரு குழு எங்களுக்கு முன்னால் வந்து சில வீடுகளுக்கு வெள்ளை அடித்துக் கொடுத்து, வாசல் சுவரில் நன்கொடையாளர் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதி, வீட்டுக்காரரை நிற்க வைத்துப் படமும் எடுத்துப் போயிருக்கிறது. அடுத்த தெருப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"தம்பி, ஓடு ஒழுகுறது எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க எழுதிட்டுப் போனா ஊருக்கே தெரியும். வேண்டாம், போங்க."

பிள்ளைகளுக்கு முகம் செத்துவிட்டது. அன்று இரவு ஆலய மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கல்யாக் கல்லைப் பற்றி நான் சொன்னது அப்போதுதான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், செகண்ட் பியூசி படிக்கிறவன், "அப்படின்னா எல்லா வீட்டுக்கும் ஒரே ஹணம்தானே தாத்தா? அப்போ அவங்க வீட்டையும் சேத்துக்கலாமே" என்றான். மறுநாள் காலை அவனே போய்ப் பெரியவரிடம் பேசினான். வருகிறவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறோம். நீங்களும் அதே நூறு ரூபாய் போடுங்கள். எந்தச் சுவரிலும் பெயர் எழுத மாட்டோம், படமும் எடுக்க மாட்டோம். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய் நூறு ரூபாய் கொண்டு வந்து கொடுத்தார். அவர் வீட்டு அம்மாள் பதினான்கு பேருக்கும் மோர் கரைத்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நூறு ரூபாய் முடியாத வீட்டில் பத்து ரூபாய் என்று குறைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, பிள்ளைகள் வேறு முடிவு செய்தார்கள்: எல்லோருக்கும் பத்து ரூபாய் என்று வைத்துவிட்டார்கள். மீதிச் செலவுக்குக் குடும்பங்களிலிருந்து பெயர் சொல்லாமல் தருகிறார்கள்.

பதினாறு வயசுப் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "கோயிலப் புதுக்கினா கல்வெட்டு இருக்கு. வீட்டுக்கு ஒண்ணுமே கிடையாதா தாத்தா?" நல்ல கேள்வி. சாதாரண ஜனங்களின் வீடு மண்ணும் கூரையுமாக இருந்த காலத்தில் பழுது பார்ப்பது வருஷாந்திர வேலை. மழைக்கு முன்னால் அக்கம்பக்கத்தார் கூடிக் கூரை மேய்ந்துவிடுவார்கள். இன்று என் வீடு, நாளைக்கு உன் வீடு. அதை யார் கல்லில் வெட்டுவார்கள்? ஆனால் ஒரு வீட்டில் தூசு தட்டும்போது அவளே கண்டுபிடித்தாள். நடுவிட்டத்தில் கரியால் எழுதி, பிறகு உளியால் கீறியது: பிள்ளையார் சுழி போல ஒரு சுழி, 1931, அதன் கீழே வேறு கையெழுத்தில் 1962. கட்டிய வருஷம் ஒன்று, ஓடு மாற்றிய வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் எதுவும் இல்லை. வீட்டுக்காரப் பாட்டியிடம் அனுமதி கேட்டு, மூன்றாவதாக அந்த வருஷத்தையும் கீறிவிட்டு இறங்கினாள்.

பெற்றோரின் குறை வேறு. "சி.இ.டி. வருஷத்துல மண் சுமக்க அனுப்பணுமா மாமா?" என்று ஒரு தாய் என்னிடம் சண்டைக்கே வந்தாள். அனுப்ப வேண்டாம் என்றேன். பையன் கேட்கவில்லை, போனான். ஞாயிறு பாடசாலையில் வையாவிருத்தியம் என்ற சொல்லை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னபோது கொட்டாவி விட்டவன் அவன். ஒரு நாள் முழுக்க ஒரு பாட்டிக்குக் கக்கூஸ் கம்பி பதித்துவிட்டு, அவள் முதல்முறையாக யார் கையையும் பிடிக்காமல் எழுந்து வெளியே வந்ததைப் பார்த்த பிறகு, மற்ற மூன்று என்ன என்று என்னைக் கேட்டான். உணவு, மருந்து, உபகரணம் என்றேன். "மருந்து யார் பாக்குறது?" என்றான். இப்போது அந்த ஊருக்கு மாதம் ஒருமுறை போன் செய்து மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்கும் பட்டியல் ஒன்று அவனிடம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று சொல்வதற்கில்லை. இருவர் முதல் பயணத்தோடு நின்றுவிட்டார்கள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அதிலும் தவறில்லை.

பெங்களூரிலேயே இந்த மனசு இப்போது பல உருவத்தில் தெரிகிறது. ஹெப்பாளில் கிட்டய்யா என்பவரின் நடுகல், கி.பி. 750 வாக்கில் வெட்டியது, 2018இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, கல்வெட்டு ஆர்வலர்கள் சேர்ந்து அதற்கு ஒரு மண்டபமே எழுப்பினார்கள். கல்லுக்கே ஒரு ஆவாசம்! தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளை நம் சங்கத்துப் பிள்ளைகள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் பெயர் படிக்கும்போது, வெட்டியவன் கையையும் நினைத்துக்கொண்டு படிக்கட்டும்.

வருகிற மே மாதத்துக்கு நான்கு வீடுகள் கணக்கில் இருக்கின்றன. அதில் ஒன்று முழுக்க ஓடு மாற்ற வேண்டியது, சுமார் அறுநூறு ஓடு பிடிக்கும். பழைய அச்சுக்கு ஒத்த சீமை ஓடு புதிதாகக் கிடைப்பது அரிது. இடிக்கிற வீடுகளில் தான் எடுக்க வேண்டும். பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் யாராவது பழைய ஓட்டு வீட்டை இடிப்பதாகக் கேள்விப்பட்டால் கடைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வண்டி நாங்களே கொண்டு வருகிறோம்.